பயோசிமிலர் மருந்தில் உற்பத்தி மாசுகளை மதிப்பிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பயோசிமிலர் (ஏற்கெனவே அனுமதி பெற்ற அசல் உயிரியல் மருந்தை ஒத்ததாக வேறு நிறுவனம் தயாரிக்கும் மருந்து) வேலைக்குப் புதிதாக வருபவர்களில் பலர் மாசு மதிப்பீட்டை எலைசா (எதிர்ப்பொருளைக் கொண்டு புரதத்தை அளவிடும் சோதனை) கிட் வாங்குவதிலிருந்து தொடங்குகிறார்கள். எண்கள் குவிகின்றன, வரைபடங்கள் அழகாக வருகின்றன. கோப்பைப் படிக்கும் ஒழுங்குமுறை அதிகாரி ஒரே கேள்விதான் கேட்பார்: இந்த அளவு நோயாளிக்கு ஏன் பாதுகாப்பானது? அதற்குக் கோப்பில் பதில் இருக்காது. காரணம், அளவிடும் வேலை இந்த வரிசையில் நான்காவது படி. முதல் மூன்றும் மேசையில் உட்கார்ந்து செய்ய வேண்டியவை.

பெரும்பாலும் ஒற்றைக்குல எதிர்ப்பொருள் (மோனோக்ளோனல் ஆன்டிபாடி) மருந்துகளை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். ஈ.கோலை பாக்டீரியாவில் தயாராகும் சிறிய புரதங்களுக்கும் வரிசை இதுதான், மாசுகளின் பெயர்கள்தான் மாறும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், உற்பத்திச் செயல்முறையின் முழு வரைபடம். செல் வங்கிக் குப்பியைத் திறப்பது முதல் இறுதி வடிகட்டல் வரை ஒவ்வொரு கட்டத்திலும் உள்ளே போகும் பொருள், அதன் செறிவு, அது எந்தக் கட்டத்தில் வெளியேறும் என்ற எதிர்பார்ப்பு ஆகியவை அதில் இருக்க வேண்டும். நுரை தடுப்பான், செல் தேர்வுக்கான மருந்து, வளர் ஊடகத்தில் சேர்த்த இன்சுலின், டி.என்.ஏ.யைச் சிதைக்கச் சேர்த்த நொதி, கழுவுதிரவத்திலுள்ள சோப்புப் பொருள் எல்லாம் இதில் வரும். கொள்முதல் பிரிவின் பட்டியலை நகலெடுத்தால் போதாது. உற்பத்திப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் பாருங்கள். அவ்வப்போது, "தேவைப்பட்டால்" சேர்க்கப்படும் பொருள்கள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

இரண்டாவது, நோயாளிக்குத் தரப்படும் அதிகபட்ச டோஸ், செலுத்தும் வழி, இடைவெளி, சிகிச்சைக் காலம். ஒரே மருந்துக்குப் பல நோய்களில் அனுமதி இருந்தால் மிக உயர்ந்த டோஸை எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, அசல் மருந்தின் பேட்ச்கள். அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 2019-இல் வெளியிட்ட வரைவு வழிகாட்டுதல் அசல் மருந்தில் குறைந்தது 10 பேட்ச்களையும் பயோசிமிலரில் 6 முதல் 10 பேட்ச்களையும் பரிந்துரைத்தது. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் வாங்கிவிடாதீர்கள். வெவ்வேறு காலாவதித் தேதி கொண்டவற்றை நீண்ட காலத்துக்குப் பரவலாகச் சேகரியுங்கள். ஏன் என்பது ஏழாம் படியில் புரியும்.

2. மாசுகளை இரண்டு குவியலாகப் பிரியுங்கள்

மருந்துத் தர விதிகளை நாடுகளுக்கிடையே ஒத்திசைக்கும் ஐ.சி.எச். அமைப்பின் 1999-ஆம் ஆண்டு கியூ6பி வழிகாட்டுதல் மாசுகளை இரண்டாகப் பிரிக்கிறது. செயல்முறையிலிருந்து வருபவை ஒரு வகை: மருந்தைச் சுரக்கும் செல்லின் சொந்தப் புரதங்கள், அதன் டி.என்.ஏ., வளர் ஊடகத்தின் மிச்சம், சுத்திகரிப்பு ரெசினிலிருந்து கழன்ற புரோட்டீன் ஏ (மருந்தைப் பிடித்துப் பிரிக்க ரெசினில் பொருத்திய புரதம்), கரைப்பான்கள். மருந்து மூலக்கூறே உருமாறி வருபவை மற்றொரு வகை: திரள்கள், துண்டுகள், ஆக்சிஜனேற்றம் அடைந்தவை, டீஅமிடேஷன் ஆனவை (அமினோ அமிலத்தின் அமைடு பகுதி கழன்றவை). உருமாறியும் செயல்திறனும் பாதுகாப்பும் குறையாத வடிவங்களை கியூ6பி மாசு என்று எண்ணுவதில்லை. அவற்றை மருந்தோடு சேர்ந்த பொருள்களாகவே கருதுகிறது.

இந்தப் பிரிவினைதான் முழு மதிப்பீட்டின் முதுகெலும்பு. இரண்டாம் வகையை அசல் மருந்தோடு நேருக்கு நேர் ஒப்பிடலாம், ஒப்பிடத்தான் வேண்டும். முதல் வகைக்கு அந்த ஒப்பீடு பெரும்பாலும் பொருளற்றது. உங்கள் செல் வேறு, ஊடகம் வேறு, சுத்திகரிப்பு வேறு. அசல் நிறுவனத்தின் செயல்முறை உங்களுக்குத் தெரியவும் தெரியாது. அதனால் முதல் வகை மாசு ஒவ்வொன்றையும் அதன் சொந்த அபாயத்தை வைத்து நியாயப்படுத்த வேண்டும்.

இங்கே அடிக்கடி காணும் பிழை ஒன்று உண்டு. ஐ.சி.எச். கியூ5இ-யை எடுத்து, அதன்படி அசலுக்கும் நமக்கும் ஒப்பீடு செய்தோம் என்று எழுதுவது. அந்த ஆவணம் ஒரே உற்பத்தியாளர் தன் செயல்முறையை மாற்றும்போது முன்னும் பின்னும் ஒப்பிடுவதற்கானது. அதன் தர்க்கத்தைக் கடன் வாங்கலாம், ஆனால் அதையே அடிப்படையாகக் காட்டக் கூடாது. பயோசிமிலர் ஒப்பீட்டில் செயல்முறையின் ஒரு பக்கம் நமக்கு முழு இருட்டு.

முதல் வகை மாசு மருத்துவ விளைவையே மாற்றும் என்பதற்கு ஓம்னிட்ரோப் நல்ல சான்று. ஐரோப்பாவில் 2006-இல் அனுமதி பெற்ற வளர்ச்சி ஹார்மோன் பயோசிமிலர் அது. தொடக்கக்கால மருத்துவச் சோதனைகளில் ஹார்மோனுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் பல நோயாளிகளிடம் உருவாகின. செல் புரதங்கள் கூடுதலாக எஞ்சியிருந்ததே காரணம் என்று கண்டறிந்து, சுத்திகரிப்பை மேம்படுத்திய பிறகு அந்த விகிதம் இறங்கியது. மருந்து மூலக்கூறு சரியாக இருந்தும் துணைக்கு வந்தவை நோய் எதிர்ப்பு அமைப்பை உசுப்பிவிட்டன.

எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு), நுண்ணுயிர், வைரஸ் ஆகியவற்றை இந்தக் குவியல்களில் போடாதீர்கள். அவை பெரும்பாலும் வெளியிலிருந்து நுழையும் கலப்படங்கள். வைரஸ் பாதுகாப்புக்கு ஐ.சி.எச். கியூ5ஏ என்ற தனி வழி இருக்கிறது.

3. வரம்பை டோஸிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

அளவிடும் முன் வரம்பைத் தீர்மானியுங்கள். எந்த அளவை எட்ட வேண்டும் என்று தெரியாமல் முறையைத் தேர்ந்தால், அதன் உணர்திறன் போதுமா என்று யாராலும் சொல்ல முடியாது.

டி.என்.ஏ.யை எடுத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட வரம்பு ஒரு டோஸுக்கு 10 நானோகிராம். உங்கள் டோஸ் 400 மில்லிகிராம் என்றால், ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு 0.025 நானோகிராம், அதாவது 25 பிகோகிராம். இதைவிடப் பல மடங்கு தாழ்ந்த அளவையும் பிடிக்கும் முறைதான் உங்களுக்கு வேண்டும்.

செல் புரதத்துக்கு எல்லோருக்கும் பொதுவான சட்டபூர்வ வரம்பு கிடையாது. ஒரு மில்லிகிராம் மருந்துக்கு 100 நானோகிராம், அதாவது 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 100 பங்கு), என்பது தொழிலில் வழக்கமாகப் பேசப்படும் எண். அதைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துக்கொள்வதில்தான் சிக்கல். 400 மில்லிகிராம் டோஸில் 100 பி.பி.எம். என்றால் நோயாளியின் உடலுக்குள் 40 மைக்ரோகிராம் அந்நியப் புரதம் போகிறது. 0.3 மில்லிகிராம் டோஸுள்ள ஃபில்கிராஸ்டிம் போன்ற மருந்தில் அதே 100 பி.பி.எம். வெறும் 30 நானோகிராம். ஆகவே பி.பி.எம். எண்ணுக்குப் பக்கத்தில் எப்போதும் டோஸுக்கான எண்ணையும் எழுதுங்கள். தோலடியில் பல ஆண்டுகள் போடப்படும் மருந்துக்கும், சிரைவழி ஓரிரு முறை தரப்படும் மருந்துக்கும் ஒரே வரம்பு பொருந்தாது.

4. செல் புரதங்கள்: நேரத்தை இங்கே செலவிடுங்கள்

ஆய்வகங்களில் எச்.சி.பி. என்று அழைக்கப்படும் இவை ஒரே பொருள் அல்ல, ஆயிரக்கணக்கான புரதங்களின் கூட்டம். எலைசா அந்தக் கூட்டத்துக்கு ஒரே எண்ணைத் தருகிறது. அந்த எண் எவ்வளவு நம்பத்தக்கது என்பது கிட்டில் இருக்கும் எதிர்ப்பொருள்கள் எத்தனை புரதங்களை அடையாளம் காண்கின்றன என்பதைப் பொறுத்தது.

முதல் வேலை, அந்த அடையாளப் பரப்பைச் சோதிப்பது. மருந்து மரபணு இல்லாத அதே செல்லை உங்கள் செயல்முறைப்படியே வளர்த்து, அதன் அறுவடைத் திரவத்தை மாதிரியாக எடுங்கள். செல்களின் உயிர்த்திறன் உங்கள் உண்மையான அறுவடையை ஒத்திருக்க வேண்டும்; இறந்த செல்கள் கூடினால் உள்ளிருக்கும் புரதங்கள் கொட்டி, கலவையே மாறிவிடும். இருபரிமாண ஜெல் மூலமாகவோ, கிட்டின் எதிர்ப்பொருள்களால் புரதங்களைப் பிடித்துப் பிரித்து நிறைமாலை (மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி) மூலமாகவோ பரப்பைக் கணிக்கலாம். இரண்டாவதையே நான் விரும்புவேன். ஜெல்லில் விரிந்து கிடக்கும் புரதங்களும் எலைசா தட்டில் மடிந்த நிலையில் இருக்கும் புரதங்களும் எதிர்ப்பொருளுக்கு ஒன்றாகத் தெரிவதில்லை.

சந்தையில் கிடைக்கும் பொது கிட்டுடன் தொடங்கலாம். ஆனால் பயோசிமிலர் திட்டங்களில் மருத்துவச் சோதனைக் கட்டங்கள் குறைவு, காலம் சுருங்கியது. செயல்முறைக்கே உரிய எதிர்ப்பொருளை உருவாக்கப் பல மாதங்கள் பிடிக்கும். அது தேவையா என்ற முடிவை முதல் மருத்துவ பேட்சுக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

அடுத்தது நீர்த்தல் சோதனை. புதியவர்கள் ஒரே ஒரு நீர்த்தலில் எண்ணைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஒரு மாதிரிக் கணக்கைப் பாருங்கள். மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் செறிவுள்ள மருந்தை நேரடியாகச் சோதித்தால், நீர்த்தலுக்குத் திருத்திய விடை 12 நானோகிராம்/மில்லிகிராம் வருகிறது. இரண்டு மடங்கு நீர்த்தால் 18. நான்கு மடங்கில் 27, எட்டு மடங்கில் 34, பதினாறு மடங்கில் 35. முதல் எண்ணை எழுதியவருக்கு மாசு மூன்றில் ஒரு பங்காகத் தெரிந்திருக்கும். ஏதோ ஒரு தனிப் புரதம் அளவுக்கு மீறி இருந்து, அதைப் பிடிக்க வேண்டிய எதிர்ப்பொருள் முழுவதும் தீர்ந்துவிட்டதற்கான அடையாளம் இது. அடுத்தடுத்த நீர்த்தல்களின் விடைகள் 20 சதவீதத்துக்குள் ஒத்துப்போகும் இடத்தில்தான் எண்ணை எடுக்க வேண்டும். அந்த நீர்த்தலிலும் சமிக்ஞை அளவீட்டு எல்லைக்கு மேல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இங்கே பதினாறு மடங்கில் புரதச் செறிவு 0.625 மில்லிகிராம்; எச்.சி.பி. மில்லிலிட்டருக்குச் சுமார் 22 நானோகிராம். கிட்டின் எல்லை 2 நானோகிராம் என்றால் கவலையில்லை.

இப்படி வளைந்த நீர்த்தல் கோட்டைக் கண்டதும் கிட்டைக் குறை சொல்வது வழக்கம். அது மாசு தரும் தகவல். அந்தப் புரதம் எது என்று நிறைமாலையில் தேடுங்கள்.

நிறைமாலை தேவைப்படுவதற்கு வேறு காரணமும் உண்டு. மொத்த எண் தாழ்ந்திருந்தாலும் தனிப் புரதம் ஒன்று தொல்லை தரலாம். லெப்ரிகிசுமாப் மருந்தின் சோதனைகளில் பி.எல்.பி.எல்.2 என்ற, மருந்தைத் தயாரித்த ஹாம்ஸ்டர் செல்லின் புரதம் மருந்தோடு கூடவே வந்தது. மருந்து பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோரிடம் அந்தப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் தோன்றின. அதனால் பாதுகாப்புச் சிக்கல் எதுவும் புலப்படவில்லை என்றாலும், சுத்திகரிப்பைத் திருத்த வேண்டியிருந்தது. லைபேஸ் வகை நொதிகள் மிச்சமிருந்தால் மருந்தைக் கெடாமல் காக்கச் சேர்த்த பாலிசார்பேட்டைச் சிதைத்து, கொழுப்பு அமிலத் துகள்கள் தோன்றக் காரணமாகும். கத்தெப்சின் டி புரதத்தையே துண்டாக்கும். இவை சில பி.பி.எம். அளவிலும் வேலையைக் காட்டும், அதுவும் சேமிப்புக் காலத்தின் பிற்பகுதியில். கண்டுபிடித்த ஒவ்வொரு புரதத்துக்கும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: மனிதப் புரதத்தோடு எவ்வளவு ஒத்தது, தனக்கென உயிரியல் செயல்பாடு உண்டா, மருந்தையோ துணைப்பொருளையோ சிதைக்குமா.

கடைசியாக, மிகப் பரவலான பிழை. உங்கள் செயல்முறைக்கான கிட்டில் அசல் மருந்தைச் சோதித்து, "அசலைவிட நம்முடையது மோசம்" என்றோ "அசலில் எச்.சி.பி. இல்லவே இல்லை" என்றோ எழுதுவது. உங்கள் செல்லுக்கு எதிராக உருவான எதிர்ப்பொருள் வேறொரு செயல்முறையின் மிச்சத்தை எவ்வளவு அடையாளம் காணும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அந்த எண்ணுக்குப் பொருளே கிடையாது.

5. டி.என்.ஏ.யும் புரோட்டீன் ஏ-யும்

டி.என்.ஏ.க்கு அளவுசார் பி.சி.ஆர். போதும். மரபணுத் தொகுதியில் பலமுறை திரும்ப வரும் பகுதியை இலக்காக வைத்தால் உணர்திறன் கூடும். புரதமும் உப்பும் வினையைத் தடுத்து எண்ணைப் பொய்யாகத் தாழ்த்தும் என்பதால், தெரிந்த அளவு டி.என்.ஏ.யைச் சேர்த்து எவ்வளவு மீள்கிறது என்று ஒவ்வொரு ஓட்டத்திலும் பாருங்கள். டி.என்.ஏ.யைச் சிதைக்க நொதி சேர்த்திருந்தால் அந்த நொதியும் இனி உங்கள் மாசுப் பட்டியலில் ஓர் இனம். இதை மறக்காதவர்கள் குறைவு.

புரோட்டீன் ஏ-யில் வேறொரு பொறி. அது மருந்து எதிர்ப்பொருளைப் பிடித்துக்கொள்ளவே உருவாக்கப்பட்டது. மாதிரிக்குள்ளும் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கும், எலைசாவுக்குத் தெரியாது. அமிலத்தாலோ வெப்பத்தாலோ பிணைப்பைக் கலைத்துவிட்டு அளவிடுங்கள். தர அளவீட்டுக் கோட்டுக்கு இயற்கைப் புரோட்டீன் ஏ-யைப் பயன்படுத்தாமல், உங்கள் ரெசினில் இருக்கும் அதே மாற்றியமைத்த வடிவத்தைப் பயன்படுத்துங்கள். ரெசின் புதிதாக இருக்கும்போதும் ஆயுள் முடியும் தறுவாயிலும் கசிவு வேறுபடும், இரண்டு முனைகளிலும் மாதிரி எடுங்கள்.

6. சிறு மூலக்கூறுகள்: முதலில் காகிதத்தில் கணக்குப் போடுங்கள்

நுரை தடுப்பான், செல் தேர்வு மருந்து, ஐ.பி.டி.ஜி. (ஈ.கோலையில் புரத உற்பத்தியைத் தூண்டும் பொருள்) போன்ற ஒவ்வொன்றுக்கும் சோதனை முறை உருவாக்கினால் திட்டம் முடியவே முடியாது. எதுவும் நீங்கவில்லை என்ற மோசமான அனுமானத்தோடு தொடங்குங்கள்.

அறுவடையில் ஒரு பொருள் லிட்டருக்கு 10 மில்லிகிராம், மருந்துப் புரதம் லிட்டருக்கு 2 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 400 மில்லிகிராம் டோஸுடன் 2 மில்லிகிராம் போகும். அந்தப் பொருளின் நச்சியல் வரம்பு இதைவிட உயர்ந்திருந்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால் நீக்கத்தைக் கணக்கில் சேருங்கள். சவ்வு வழியே தடையின்றிச் செல்லும் மூலக்கூறு 7 கொள்ளளவு டயாஃபில்ட்ரேஷனில் (புதிய திரவம் ஊற்றிக்கொண்டே சவ்வில் வடிகட்டிக் கழுவுவது) சுமார் 1,100 மடங்கு குறையும். மிச்சம் ஏறத்தாழ 1.8 மைக்ரோகிராம். கரைப்பான்களுக்கு ஐ.சி.எச். கியூ3சி-யும் உலோகங்களுக்கு கியூ3டி-யும் அனுமதிக்கும் தினசரி அளவுகளைத் தருகின்றன.

இந்தக் கணக்கு பொய்க்கும் இடம் ஒன்று உண்டு. புரதத்தோடு ஒட்டிக்கொள்பவையும், மிசெல்லாக (சிறு உருண்டைக் கொத்தாக) திரளும் சோப்புப் பொருள்களும், நுரை தடுப்பானும் சவ்வைத் தாண்டுவதில்லை. அவற்றுக்குக் கணக்கை நம்பாமல் உண்மையாகவே அளவிடுங்கள், அல்லது கூடுதல் அளவைச் சேர்த்துச் சிறிய அளவிலான மாதிரிச் செயல்முறையில் நீக்கத்தை நிரூபியுங்கள்.

7. மருந்தே உருமாறிய மாசுகள்: வயதைப் பொருத்தி ஒப்பிடுங்கள்

இப்போதுதான் அசல் மருந்து மேசைக்கு வருகிறது.

திரளும் அமிலத்தன்மை கொண்ட வடிவங்களும் சேமிப்பில் கூடும். நேற்று தயாரான உங்கள் குப்பியையும், காலாவதிக்கு இரண்டு மாதம் இருக்கும் அசல் குப்பியையும் ஒப்பிட்டு "நம்முடையது தூய்மை" என்று மகிழ்வது வீண். ஒவ்வொரு புள்ளியையும் தயாரிப்பிலிருந்து கடந்த மாதங்களுக்கு எதிராக வரைபடத்தில் இடுங்கள். அசல் பெட்டியில் காலாவதித் தேதி மட்டும் இருந்தால், அனுமதிக்கப்பட்ட ஆயுளைக் கழித்துத் தயாரிப்பு மாதத்தைக் கணக்கிடலாம். நேர்க்கோடுகளின் சாய்வு ஒத்துப்போகிறதா என்பது ஒற்றைப் புள்ளியைவிட அதிகம் சொல்லும்.

மாதிரியைக் கையாளும்போது நீங்களே மாசை உருவாக்கிவிடக் கூடாது. பெப்டைட் வரைபடத்துக்காகப் புரதத்தை உயர்ந்த காரத்தன்மையில் இரவு முழுவதும் 37 டிகிரியில் செரிக்க வைத்தால் டீஅமிடேஷன் அங்கேயே நடக்கும். கேபிலரி எலக்ட்ரோஃபோரெசிஸில் டைசல்பைடு பிணைப்புகளைக் காக்கும் வினைப்பொருளைச் சேர்க்காமல் சூடாக்கினால் போலித் துண்டுகள் தோன்றும். அசலைத் துணைப்பொருளிலிருந்து பிரித்தெடுக்க நேர்ந்தால், உங்கள் மருந்தையும் அதே முறையில் பிரித்துச் சோதியுங்கள். பிரிப்புக்கு முன்னும் பின்னும் ஒரே எண் வருகிறதா என்று காட்டுங்கள்.

திரள்களுக்கு ஒரே முறையை நம்ப வேண்டாம். அளவு விலக்கு குரோமட்டோகிராபியில் நீர்த்தல் காரணமாக வலுவற்ற திரள்கள் கலைந்துபோகும், பெரியவை ரெசினிலேயே ஒட்டிக்கொள்ளும். அனலிட்டிகல் அல்ட்ராசென்ட்ரிஃபியூஜ் போன்ற வேறு தத்துவத்தில் இயங்கும் முறையால் சில பேட்ச்களையாவது உறுதிப்படுத்துங்கள்.

புள்ளியியலில், அசல் பேட்ச்களின் சராசரியிலிருந்து மூன்று திட்ட விலக்கம் வரை ஏற்பு எல்லையாக வைப்பது பரவலான வழக்கம். கணிப்பொறியில் போடும் முன் புள்ளிகளைக் கண்ணால் பாருங்கள். அசல் உற்பத்தியாளர் நடுவில் செயல்முறையை மாற்றியிருந்தால் புள்ளிகள் இரண்டு கொத்தாகப் பிரிந்திருக்கும். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் எல்லை அபத்தமாக விரிந்து, எதைப் போட்டாலும் உள்ளே விழும். அப்படி வென்ற ஒப்பீட்டை எந்த மதிப்பாய்வாளரும் ஏற்க மாட்டார்.

8. வேறுபாடு தெரிந்தால் என்ன செய்வது

வேறுபாட்டை மறைக்கவோ சராசரியில் கரைக்கவோ முயலாமல், அந்த வடிவத்தைப் பிரித்தெடுங்கள். செறிவூட்டிய பகுதியில் இலக்கோடு பிணையும் திறன், செல்வழிச் செயல்திறன், எஃப்.சி. ஏற்பிப் பிணைப்பு (எதிர்ப்பொருளின் வால்பகுதியைச் செல்கள் பிடிக்கும் திறன்) ஆகியவற்றை அளவிடுங்கள். அமிலத்தன்மை கொண்ட வடிவங்கள் 4 சதவீதம் கூடுதல் என்ற வெற்று எண் அச்சுறுத்தும். அந்த வடிவம் முழுத் திறனோடு செயல்படுகிறது, காரணம் இன்ன இடத்தில் நிகழ்ந்த கிளைகேஷன் (சர்க்கரை ஒட்டிக்கொண்டது) என்று காட்டினால் விவாதம் குறுகும்.

உங்கள் மருந்தில் மாசு குறைவாக இருப்பது பொதுவாகத் தடையல்ல. ஆனால் புதிய வகை மாசு, அசலில் இல்லாதது, மிகச் சிறிய அளவில் இருந்தாலும் கூடுதல் ஆய்வு கேட்கும். அளவைவிட வகையே முக்கியம் என்ற வரிசையில் முன்னுரிமை கொடுங்கள். வேறுபாட்டை மருத்துவச் சோதனை தீர்த்துவைக்கும் என்று தள்ளிப்போடுவது மோசமான உத்தி. செயல்முறையைத் திருத்தப் பிறகு வாய்ப்பு மிகக் குறைவு, திருத்தினால் பழைய பேட்ச்களோடு மறுபடி ஒப்பீடு தொடங்க வேண்டும்.

9. எதை எங்கே கட்டுப்படுத்துவது

எல்லாவற்றையும் இறுதி மருந்தின் தர வரையறையில் சேர்ப்பது பாதுகாப்பாகத் தோன்றும், ஆனால் தேவையற்றது. பல பேட்ச்களில் அளவீட்டு எல்லைக்குக் கீழேயே இருந்து, நீக்கமும் நிரூபிக்கப்பட்ட சிறு மூலக்கூறுகளை வழக்கமான சோதனையிலிருந்து விடுவிக்க அனுமதி கேட்கலாம். டி.என்.ஏ.யையும் சில சமயம் செயல்முறைச் சரிபார்ப்போடு முடித்துக்கொள்ளலாம். எச்.சி.பி.யையும் திரள்களையும் ஒவ்வொரு பேட்சிலும் பாருங்கள். முன்னதை மருந்துப் பொருள் (குப்பியில் நிரப்பும் முன்பான தூய மருந்து) கட்டத்திலும் பின்னதை மருந்துப் பொருளிலும் குப்பியில் நிரப்பிய மருந்திலும் சோதிக்க வேண்டும்.

வரையறை எண்ணைத் தீர்மானிக்கும்போது மருத்துவச் சோதனையில் பயன்பட்ட பேட்ச்களின் எண்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நோயாளிகள் பெற்றதே 15 பி.பி.எம். என்றால், 100 பி.பி.எம். வரை அனுமதி கேட்பதற்குத் தனிக் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

எச்.சி.பி. எதிர்ப்பொருளின் கையிருப்பையும் கணக்கில் வையுங்கள். அது விலங்குகளிடமிருந்து கிடைப்பது. தீர்ந்தபின் அடுத்த தொகுப்பு அச்சாக அதேபோல் இருக்காது. பழைய தொகுப்பு மிச்சமிருக்கும்போதே புதியதன் அடையாளப் பரப்பையும் நீர்த்தல் நேர்க்கோட்டையும் ஒரே மாதிரிகளில் அருகருகே ஓட்டிவிடுங்கள். ஒப்பிடுவதற்கென்று சில பேட்ச்களின் குப்பிகளை மைனஸ் 70 டிகிரியில் முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருந்தால்தான் அது முடியும்.